மூன்றாம் ஓலை

ஏற்காடு,
10.4.2023, பாஸ்காவுக்கு மறுநாள்.

என் அன்புத் தங்கை அமலிக்கு, மடத்தில் சிஸ்டர் அமலோற்பவமாக இருக்கிற உனக்கு, உன் அக்கா சவரியம்மாள் உயிர்த்த ஆண்டவரின் சந்தோஷத்தோடு எழுதுகிறேன். நான் நலம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

தவக்காலம் முழுவதும் உங்கள் கார்மேல் மடத்துக்குக் கடிதம் போடக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்களே, அந்தச் சட்டத்தின்மேல் எனக்கு இந்த வருஷம் வந்த கோபம் எந்த வருஷமும் வந்ததில்லை. ஒரு சேதியை மடியில் கட்டிக்கொண்டு ஒரு மாதத்துக்குமேல் நடந்திருக்கிறேன். கடைசி வாரம் அது என் வாயைத் திறந்து வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

அதற்கு முன் ஷெர்லின் சேதி. பாஸ்கா திருப்பலியில் செங்கடல் பிரிந்த வாசகத்தை நம் பேத்திதான் வாசித்தாள். மைக் இல்லாவிட்டாலும் மாரமங்கலம்வரை கேட்டிருக்கும். சேலத்தில் நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள் அல்லவா, இங்கிலீஷிலும் வாசிப்பாள், கேட்டால். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் முன்பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பெருமை பாவம் என்று பதில் எழுதாதே. அது எனக்குத் தெரியும்.

இப்போது உட்கார்ந்துகொண்டு படி. எனக்குக் கல்யாணம்.

ஆமாம், எனக்குத்தான். அறுபத்துநாலு வயதில். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, மஞ்சக்குட்டை ஊருக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த ஞானசுந்தரம். நம் எட்வினுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். அவர் சம்சாரம் ரீத்தா இறந்து எட்டு வருஷம் ஆகிறது. உனக்கு அவர் முகம் ஞாபகம் இருக்கும், மீசை மட்டும் இப்போது வெள்ளை.

மார்ச் மாதம் நம் வீட்டு மரத்தில் மிளகு பறிக்க ஆள் கிடைக்கவில்லை. அவரே வந்து ஏணி போட்டு ஏறினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி மரத்தில் பறிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார், "ஏனுங்க, மிச்ச நாளைக்கு நாம ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல இருந்தா என்னங்க?"

"இதக் கேக்கறதுக்கு மரத்து மேல ஏறோணுமாங்க?" என்றேன்.

"கீழ நின்னு கேட்டா நீங்க உள்ள போயி கதவச் சாத்திருவீங்க. இப்பப் பாருங்க, ஏணிய உட்டுட்டுப் போக முடியாதில்லங்க."

"மொதல்ல எறங்குங்க. ஏணிய உட்டுட்டுத்தான் பதில் சொல்லுவேன்."

இறங்கினார். நான் ஒன்பது நாள் மாதாவுக்கு நவநாள் செய்தேன். பத்தாம் நாள் அவர் வீட்டுக்கு நானே நடந்து போய்ச் சொன்னேன்.

எட்வின் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூட்டி வந்துவிட்டான். வரும் ஞாயிறு முதல் ஓலை. மூன்று ஞாயிறு கோயிலில் எங்கள் பெயரை வாசித்து, தடை தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டபிறகு, மே மூன்றாம் தேதி தாலி. உன் மடத்துக் கதவு திறக்காது, தெரியும். ஜெபத்தில் வந்துவிடு. சீக்கிரம் எழுது, அமலி. அம்மா வீட்டு ஆள் என்று எனக்கு நீ ஒருத்திதான் மிச்சம்.

உன் அக்கா,
சவரியம்மாள்


கார்மேல் மடம்,
15.4.2023

அன்புள்ள அக்காவுக்கு, இயேசுவின் சமாதானம்.

உன் கடிதத்தை நேற்று மாலை மதர் என் கையில் கொடுத்தார்கள். மூன்று முறை படித்தேன். நீ இவ்வளவு சிரித்துக்கொண்டு எழுதியதை நான் பார்த்ததில்லை. அதனால் நான் எழுதப்போவது எனக்கே கசப்பாக இருக்கிறது.

வயது ஒரு தடை அல்ல. விதவைகள் மணம் செய்துகொள்ளலாம் என்று பவுல் அடிகளாரே எழுதியிருக்கிறார். ஆனால் அக்கா, அவர் எட்வினின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியில் உண்டாகிற உறவு இரத்த உறவைவிடப் பெரிது, பிள்ளையின் தாயும் ஞானத்தகப்பனும் கூடப்பிறந்தவர்களுக்குச் சமம், அவர்களுக்குள் கல்யாணம் செல்லாது என்று, நான் மடத்துக்கு வந்த புதிதில் எங்களைப் பயிற்றுவித்த நவதுறவு மதர் சொல்லிக்கொடுத்தார்கள். நம் ஊரிலும் ஞானத்தகப்பன் வீட்டில் யாரும் பெண் எடுத்ததில்லை, கொடுத்ததில்லை. இது உனக்குத் தெரியாதா?

சுதந்திரம் என்பது மனம் இழுக்கிற பக்கம் போவதல்ல. நல்லதைத் தேர்ந்துகொள்ளும் பலம்தான் சுதந்திரம். உன்னை நேசிப்பதால் சொல்கிறேன், நிறுத்திவிடு. ஓலை வாசிப்பதே தடை தெரிந்தவர் சொல்வதற்காகத்தான். தெரிந்தும் நான் மௌனமாக இருந்தால் அந்தப் பாவம் என்னுடையது.

கண்ணீரோடு,
உன் தங்கை,
சி. அமலோற்பவம்


ஏற்காடு,
20.4.2023

என் தங்கம் அமலிக்கு,

உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டேன். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன், நீ என்ன நினைத்தாலும் சரி.

முதல் ஓலை வாசித்த கதையைக் கேள். சாமியார் "லூக்காஸின் விதவை சவரியம்மாளுக்கும்" என்றதும் கோயிலில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு பின்பெஞ்சில் யாரோ ஒருத்தி, "நேத்து வரைக்கும் ஞானப்பா, இன்னைக்கு மாப்பிள்ளையா?" என்றாள். நான் திரும்பி, "நேத்து வரைக்கும் நீயும் வாய மூடிட்டுத்தான் இருந்த" என்றேன். திவ்ய பூசையில் பேசியதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன்.

வெளியே வந்தால் பேக்கரி சலீமா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்கக்கா, எங்கிட்டச் சொல்லாம கோயில்ல மைக் போட்டுச் சொல்லுவீங்களா? பிரியாணி என் பொறுப்பு. இல்லீன்னு சொன்னீங்கன்னா நொம்பக் கோவம் வரும் எனக்கு." அவள் தினமும் ஐந்து வேளை தொழுகிறவள். அவளுக்கு இருக்கிற சந்தோஷம் என் சொந்தத் தங்கைக்கு இல்லை.

நீ சொல்கிற சட்டத்தை நான் அறியேன். பெரியவர்கள் அப்படிப் பேசிக் கேட்டதுண்டு. ஆனால் சாமியார் எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்து விசாரித்தார். என்னிடம் ஞானஸ்நானச் சீட்டையும் கேட்டார், லூக்காஸின் இறப்புச் சீட்டையும் கேட்டார், எட்வினின் ஞானத்தகப்பன் யார் என்று மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, தோன்றவில்லை. உன் கடிதத்துக்குப் பிறகுதான் அது உறைக்கிறது.

அவர் கேட்ட வேறொரு கேள்வியைச் சொல்லவேண்டும். "பாட்டி, இந்தக் கல்யாணத்துக்கு யாராச்சும் உங்கள வற்புறுத்தினாங்களா?"

"எனக்கு அறுபத்தி நாலு வயசு சாமி. வற்புறுத்தோணும்னா மொதல்ல என்னையப் புடிச்சு நிறுத்தோணும்."

"சிரிக்காதீங்க. வேதாகமத்து மேல கை வெச்சுச் சொல்லற பதில் இது."

கையை வைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. பதினேழு வயதில் லூக்காஸுக்கு வாக்கப்பட்டபோதும் ஒரு சாமியார் இதே கேள்வியைக் கேட்டார். அப்போது நம் அப்பா கதவுக்கு வெளியே நின்று இருமிக்கொண்டிருந்தார். அந்த இருமலுக்குத்தான் நான் "ஆமாங்க சாமி, என் மனசோடதான்" என்றேன். லூக்காஸ் நல்லவர். போகப்போக அவர்மேல் பிரியம் வந்தது, அவரை அடக்கம் செய்தபோது அழுத அழுகை பொய்யில்லை. ஆனாலும் அன்றைய பதில் என்னுடையது இல்லை. நாற்பத்தேழு வருஷம் கழித்து இந்தத் தடவை, வெளியே யாரும் இருமவில்லை. நானே யோசித்து, நானே சொன்னேன். சொல்லும்போது உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கபிரியேல் தூதர் மாதாவிடம் வந்தாரே, ஆண்டவர் நினைத்திருந்தால் கேட்காமலே முடித்திருக்கலாம். கேட்டார். அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை வாயைத் திறக்கும்வரை வானமே காத்துக்கொண்டு நின்றது. கடவுளே ஒரு பெண்ணிடம் சம்மதம் கேட்டு நின்றார் என்றால் நான் என் சம்மதத்தைச் சின்னதாக நினைக்க முடியுமா? நீ படித்தவள், நீ சொல்.

நிறுத்தமாட்டேன். ஆனால் உன் மேல் கோபமும் இல்லை.

அக்கா,
சவரி


கார்மேல் மடம்,
24.4.2023

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. மாதாவைப் பற்றி நீ எழுதியதை மதருக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் அந்த இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள்.

இருந்தாலும் என் மனச்சாட்சி என்னை விடவில்லை. உங்கள் பங்குச் சாமியாருக்கு இன்று எழுதிவிட்டேன். ஞானசுந்தரம் எட்வினின் ஞானத்தகப்பன், ஆகவே இது தடை என்று. உனக்குத் தெரியாமல் செய்ய எனக்கு மனமில்லை. அதனால் இதையும் அதே தபாலில் போடுகிறேன்.

என்னை வெறுக்காதே.

அமலி


ஏற்காடு,
30.4.2023, ஞாயிறு

அமலிக்கு,

இன்று மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

நாகலூர்ப் பையனுக்கும் ஒரு டீச்சருக்கும் வாசித்தார்கள். எங்கள் பெயர் வருமென்று எல்லோரும் என் முதுகைப் பார்த்தார்கள். சாமியார் தாளை மடித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். ஷெர்லின் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் கடைசிப் பாட்டுவரை உட்கார்ந்திருந்துதான் எழுந்தேன். ஓடிப்போனாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

பிறகு சாமியார் அறைக்குப் போனோம். பாவம், சின்ன வயசு. "கார்மேல் மடத்து சிஸ்டரே எழுதியிருக்காங்க பாட்டி. நான் குருப்பட்டம் வாங்கி மூணு வருஷந்தான் ஆவுது. ஞானத்தகப்பன்னா என்ன சட்டம்னு சட்டுனு சொல்லத் தெரியல. சேலத்துல பெரியவங்களக் கேட்டுட்டுத்தான் வாசிப்பேன்" என்றார். மூன்றாம் தேதிக் கல்யாணம் தள்ளிப்போனது.

திரும்பி வரும் வழியில் ஞானசுந்தரம்தான் பேசினார். "சட்டம் வேண்டாம்னு சொன்னா வேண்டாமுங்க. சபையை மீறி உங்கள எங்கூடக் கூப்பிட மாட்டேன். அன்பியக் கூட்டத்துல எதுத்தாப்புல உக்காந்து செபமாலை சொல்லிக்கிட்டே கெழவன் கெழவி ஆயிக்கலாம்."

"இனிமேத்தான் கெழவி ஆகோணுமா நானு?" என்றேன். இரண்டு பேரும் ரோட்டில் நின்று சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று சொன்னார். இந்த ஊர்க் குளிரில்.

இதை இப்போது போடமாட்டேன். கோபம் ஆறட்டும்.

2.5.2023, செவ்வாய்

அமலி! அமலி! மை மாறியிருப்பதைப் பார்க்கிறாயா, ஷெர்லின் பேனாவைப் பிடுங்கி எழுதுகிறேன். சாமியார் மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"பாட்டி, தடையே இல்லீங்க! அம்மாவுக்கும் ஞானத்தகப்பனுக்கும் இருந்த தடையை எடுத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சாம். எங்கிட்டச் சொன்ன பெரியவரு சிரிக்கறாரு."

நூறு வருஷம்! நம் பாட்டிக்குக் கல்யாணம் ஆகும் முன்பே எடுத்துவிட்டார்கள். நம் ஊரில்தான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இல்லாத சட்டத்துக்குப் பயந்துகொண்டு மூன்று தலைமுறையாக ஞானத்தகப்பன் வீட்டுப் பக்கம் போகாமல் இருந்திருக்கிறோம். உங்கள் நவதுறவு மதருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

ஏழாம் தேதி மூன்றாம் ஓலை. பத்தாம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாணம்.

கோபம் ஆறிவிட்டது. வருத்தம் ஆறவில்லை. எழுதிவிடுகிறேன். நீ மடத்துக்குப் போவேன் என்றபோது அப்பா உன் துணிமணியை எடுத்து ஒளித்துவைத்தார். உனக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார். யார் சொன்ன சொல்லும் அவர் காதில் ஏறவில்லை. நான் எட்வினை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "அவ மனசு எங்கியோ அங்க போகட்டும்ப்பா" என்றேன். என் சேலையைக் கட்டிக்கொண்டுதான் நீ பஸ் ஏறினாய். உன்னை அனுப்பிவிட்டு மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. அது உனக்குத் தெரியாது. எனக்கு நீ வேண்டும் என்று இருந்தது. ஆனால் உன்னைப் பிடித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் விஷயத்தில் நீ ஏன் பிடித்தாய்? சட்டம் என்று எழுதாதே. சட்டம் முடிந்துவிட்டது. பத்தாம் தேதிக்குள் ஒரு வரி எழுது.

சவரி அக்கா


ஏற்காடு,
11.5.2023

அமலிக்கு, உன் அக்கா திருமதி சவரியம்மாள் ஞானசுந்தரம் எழுதுவது. (எப்படி இருக்கிறது!)

நடந்துவிட்டது. நேற்றுக் காலை எட்டு மணியிலிருந்தே பெருமழை. கோயில் ஓட்டில் விழுகிற சத்தத்தில் பீட வாசகம் ஒன்றும் கேட்கவில்லை. சாமியார் எங்கள் பக்கம் குனிந்து, "முழு மனச் சுதந்திரத்தோட வந்திருக்கீங்களா?" என்று கத்திக் கேட்டார். நானும் கத்தினேன். நான் கத்துவதற்கும் மழை பட்டென்று நிற்பதற்கும் சரியாக இருந்தது. "ஆமாங்க சாமி!" என்று கோயில் முழுக்க ஒரே சத்தம். பாட்டுக்காரப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எட்வின்கூடச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தான். தாலி கட்டும்போது மூன்றாம் முடிச்சு இவருக்கு இரண்டு தடவை அவிழ்ந்துவிட்டது. மலைப்பாதையில் நாற்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை.

சலீமா பிரியாணி நூற்றிருபது பேருக்குப் போதாமல் போய்விட்டது. ஷெர்லின் என் தோழியாக நின்றாள், அரக்குக் கலர் சேலையில். அவளைப் பார்த்து மூன்று வீட்டார் விசாரித்தார்கள். "பாட்டிக்கு ஆச்சுதுங்க, இனிப் பேத்திக்கு அவசரமில்ல" என்று சொல்லிவிட்டேன். அவள் எப்போது, யாரை, என்ன என்று அவளே சொல்லட்டும்.

தபால்காரர் ஐயாக்கண்ணு கல்யாணத்துக்கும் வந்திருந்தார். தாலி கட்டி முடித்து வெளியே வந்ததும் முதலில் அவர் கையைத்தான் பார்த்தேன். வெறும் கை. "அம்மா, இருந்தாக் குடுக்க மாட்டனுங்களா?" என்றார்.

இந்தக் கடிதத்துக்கும் பதில் வராவிட்டால் இனி நான் எழுதி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். ஜெபத்தில் மட்டும் நினைத்துக்கொள்வேன். நன்றாக இரு.

சவரியம்மாள்


கார்மேல் மடம்,
17.5.2023

என் அக்காவுக்கு,

உன் மே இரண்டாம் தேதிக் கடிதம் ஐந்தாம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. பதில் எழுத நேரமில்லாமல் இல்லை. தினமும் எழுதினேன், தினமும் கிழித்தேன். சட்டம் தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று எழுதுவது சுலபம். அதை எழுதி முடித்தால் ஒவ்வொரு முறையும் பொய்யாகத் தெரிந்தது.

ஏன் பிடித்தாய் என்று கேட்டாய். சொல்கிறேன்.

லூக்காஸ் மாமா இறந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்த வருஷத்திலிருந்து, தவக்காலம் தவிர, உன் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது. நீ வெள்ளைச் சேலை கட்டினாய், தனியாக இருந்தாய், காலையில் பூசை, மாலையில் செபமாலை. வெளியே எனக்கொரு மடத்துத் தோழி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு யாரும் இல்லை, எனக்கு நீ இருக்கிறாய். அந்த எண்ணத்தில் எனக்கு எவ்வளவு சுகம் இருந்தது என்று உன் சந்தோஷக் கடிதம் வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் என் சொந்த மனதோடு இந்தக் கதவுக்குள் வந்தேன். உன்னை நீ சம்மதிக்காமலே உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன். நவதுறவு மதர் சொன்ன சட்டம் சாவியாகக் கையில் கிடைத்தது. அதை நூறு வருஷத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள் என்று படித்தபோது எனக்கு வந்தது வெட்கம் மட்டும் அல்ல, ஏமாற்றமும்தான். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். உன்னிடமும் சொல்லாமல் அது தீராது.

பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு நான் தோட்டத்தில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குள் போக உத்தரவு கேட்டிருக்கலாம், கேட்கத் தைரியம் வரவில்லை. கூடையை வைத்துவிட்டுச் செடிக்கு நடுவிலேயே முழங்கால் போட்டேன். உனக்காக ஒரு வார்த்தையும் வரவில்லை, அக்கா. அழுகைதான் வந்தது. அழுது முடிக்கும்போது என்னவோ எனக்கே பட்டென்று சந்தோஷமாகிவிட்டது. என் இருபத்தோராவது வயதில் உன் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தபோது இருந்த அதே சந்தோஷம். எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது, மூட்டு.

நேற்று மதரிடம் போய்க் கேட்டேன். ஜூன் மாதம் திரு இருதய விழாவுக்கு அடுத்த நாள் பார்லரில், வருகிற உறவினரைப் பார்க்கிற அறையில், ஒரு மணிநேரம் தந்திருக்கிறார்கள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எத்தனை நாற்காலி போடுவது என்று கேட்டார்கள். இரண்டு என்றேன். நீ மட்டும் வந்தால் நான் பேசமாட்டேன், சொல்லிவிட்டேன்.

மழை நேரம், ஜீப்பை மெதுவாக ஓட்டச் சொல். எட்வினுக்கும் ஷெர்லினுக்கும் என் ஆசீர்வாதம்.

மாமாவை நான் மிகவும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
அமலி